அண்ணி கேட்காத கேள்வி

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதுகிறேன். இங்கே அவரவர் இருந்த இடத்தில் இருக்கிறோம். அம்மா கட்டிலில், அண்ணன் வேலையில், நான் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமை போனில் உங்களோடு பேசுகிறேன் என்றுதான் பேர். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். அதில் நான் என்னத்தைப் பேச? அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு வாதம் வந்த வலது பக்கம் அப்படியேதான் இருக்கிறது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை கூடியிருக்கிறது. அதில் ஒன்று "போதும்". குதிகாலில் வந்த சிவப்பு ஆறிவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் திருப்பிப் படுக்க வைக்கிறேன், முதுகுக்குத் தலையணை, முழங்காலுக்கு நடுவில் மடித்த போர்வை.

நீங்கள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறீர்கள் என்று அண்ணன் தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் தன் முழங்கால் வலியை வேறு யாரிடமும் காட்டாமல் உங்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறார். நர்சிங்கில் டாக்டரேட் வேறு, மாத்திரை எழுதுகிற டாக்டர் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். "எதுவா இருந்தா என்னம்மா, படிச்சவங்க படிச்சவங்கதானே" என்கிறார்.

உங்கள் போன கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆலய மணி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, சாப்பாட்டுக்கூடத்தில் உப்பு குறைவதுகூட இருக்கிறது. நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. நான் கேட்கப் போவதில்லை. "அவ ஆராய்ச்சிக் கமிட்டி முன்னாடி நிக்கப் போறா, இப்பப் போயி தேதி கேட்டு நச்சரிக்காதே" என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆகவே நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். விடுப்பில் இருக்கிற என் இடத்தை அலுவலகத்தில் ஜூன் முடியும்வரைதான் வைத்திருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா.

தண்ணீர் பரிசோதனை செய்கிறவள் நான். பார்க்கத் தெளிவாக இருக்கிறது என்பதற்காக எதையும் குடித்துவிட மாட்டேன். என் புத்தி அப்படி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
பாப்பா

பிப்ரவரி 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு என் முகம் எப்படி இருந்தது என்று என் அறைத்தோழியைக் கேட்க வேண்டும். அவள் விரிவுரையாளர், என்னைவிடச் சின்னவள், என்னைப்போலவே வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு படிக்க வந்தவள். இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே ஆலயம். காலையில் மணி அடித்தால் விடுதியே எழுந்து போகும். வரவேண்டும் என்று என்னை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நானாகப் போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். இத்தனை வருஷம் வார்டில் நின்றுகொண்டே இருந்தவளுக்கு, ஒன்றும் செய்யாமல் உட்கார ஒரு இடம் கிடைத்திருக்கிறது.

வேலை இப்போது வீடு வீடாகப் போவது. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களின் பேச்சைப் பதிவு செய்கிறேன். முதல் பதிவைக் கேட்டுவிட்டு என் கைடு அம்மா, "பேட்டி குடுத்தது யாரு, நீயா அவங்களா?" என்று கேட்டார்கள். அவ்வளவு ஆறுதல் சொல்லியிருந்தேன். கேள் என்றால் கேட்டுவிட்டு வாயை மூடு, பதிலை அவர்கள் வாயில் நீ ஊட்டாதே என்பதுதான் இங்கே முதல் பாடம்.

கமிட்டி முடிந்தால் எல்லாம் தெளிவாகும்.

அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது உன் மனதில் என்ன ஓடுகிறது? நல்லது கெட்டது பார்க்காமல், தோன்றியதை எழுது. அவசரமில்லை.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு எனக்கு ஒரு சந்தேகம். நான் உங்களுக்கு நாத்தனாரா, நீங்கள் பேட்டி எடுக்கிற ஆளா?

முன்பெல்லாம் நான் முதுகு வலிக்கிறது என்றால், "குனியாதேன்னு எத்தனை தடவ சொல்றது" என்று திட்டுவீர்கள். திட்டிவிட்டுத் தைலம் தேய்த்துவிடுவீர்கள். இப்போது, "உன் மனதில் என்ன ஓடுகிறது" என்கிறீர்கள். போன டிசம்பரிலிருந்து வந்த எல்லாக் கடிதத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி. உங்கள் அபிப்பிராயம் என்று ஒரு வரி கிடையாது. வீடு வீடாகப் போய்க் கேட்கிறவர், சொந்த வீட்டைத் தபாலில் முடித்துக்கொள்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணனிடம் சொன்னேன். "உனக்கு எல்லாமே சந்தேகம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். உங்கள் வீட்டுக்காரருக்குத் தப்பிக்க வேண்டுமென்றால் செய்தித்தாள் போதும்.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன். திருப்பும்போது ஒன்றும் ஓடாது, கை வேலை செய்யும். காலையில் அம்மா அறைக் கதவைத் திறப்பதற்கு முன்னால்தான் ஓடும். வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். சில நாள், கேட்காமல் இருந்துவிட்டால் என்ன என்று நினைப்பு வரும். பயத்தில் வருகிற நினைப்பு இல்லை அண்ணி. ஆசையில் வருவது. பிறகு கதவைத் திறந்து அம்மா முகத்தைத் துடைத்துவிடுவேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

எழுதிவிட்டேன். கிழித்துப் போடவும் மனமில்லை. இதற்கு நீங்கள் ஒரு பதில் எழுத வேண்டும். கேள்வி வேண்டாம்.

பாப்பா

மார்ச் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். என் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், உன் கடிதம் எதுவும் என் ஆராய்ச்சியில் இல்லை. சொந்தக்காரர்களைச் சேர்க்கவே கூடாது என்று இங்கே விதி. கைடு அம்மாவுக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. உன் கடிதமெல்லாம் என் பெட்டிக்குள், புடவைக்கு அடியில் இருக்கிறது.

நீ செய்கிற காரியத்தின் அருமை எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசினால் உனக்குத் தாங்காது என்பதால் பேசாமல் இருக்கிறேன்.

அடுத்த வாரம் என் அறைத்தோழி அந்தப் பக்கம் வருகிறாள். அம்மாவுக்குக் காற்று மெத்தை ஒன்று கொடுத்து அனுப்புகிறேன். எப்படி ஊதுவது, எவ்வளவு ஊதுவது எல்லாம் அவளே காட்டுவாள். படுக்கைப் புண்ணுக்குப் பயப்படவேண்டியதில்லை.

கதவுக்கு வெளியே நிற்கிற அந்த நேரத்தில் உனக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததுண்டா?

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 11

அண்ணிக்கு,

மெத்தை வந்தது. உங்கள் தோழியும் வந்தார். மெத்தையில் குறையில்லை.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது?" என்று கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே மெதுவாக, "கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி நிக்கிறீங்களே, அதுக்காக உங்களையே நீங்க வெறுத்துக்காதீங்க. எங்க எல்லாருக்கும் புரியுது" என்றார்.

எங்கள் எல்லாருக்கும். அந்த வார்த்தையை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். எத்தனை பேர் அண்ணி? வகுப்பில் வாசித்தீர்களா? கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பேசினீர்களா? புடவைக்கு அடியில் இருந்த கடிதம் எந்த வழியாக வெளியே வந்தது? அவர் பேசியபோது அம்மா அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அம்மாவுக்குப் பேச்சுதான் குறைவு, காது நன்றாகவே கேட்கும்.

இன்னொன்று. கிளம்பும்போது, "உங்க அண்ணி விடுப்பை ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்களே, கிடைச்சிடும். கவலப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் சிரித்துவைத்தேன். சிரித்த வாயை மூட எனக்கு நேரமாயிற்று.

ஜூனில் வருகிறேன், ஆய்வேட்டை வீட்டிலிருந்தே எழுதிக்கொள்வேன், நீ உன் வேலைக்குப் போ என்று என் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். உங்களை நம்பித்தான் விடுப்பு எடுத்தேன். தேதி கேட்காதே என்றார்கள், கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு இதுதான் கூலி போலிருக்கிறது.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 19

என் பாப்பாவுக்கு,

எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. வகுப்பில் வாசிக்கவில்லை. ஆராய்ச்சியிலும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை மாலை விடுதிக் கூடத்தில் ஜெபக் கூட்டம் நடக்கும். வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருவரும் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்லுவார்கள். ஒருத்தி தம்பியின் பரீட்சைக்கு, ஒருத்தி தகப்பனாரின் கண் ஆபரேஷனுக்கு. நான் வெறுமனே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். உன் மார்ச் மாதக் கடிதம் வந்த வாரம் என்னால் அப்படி இருக்க முடியவில்லை. என் முறை வந்ததும் வாய் திறந்துவிட்டது. என் நாத்தனார் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கதவையும் சொல்லிவிட்டேன். யாரும் உன்னைக் குறையாக நினைக்கவில்லை. விடுதிக் காப்பாளர் எழுந்து நின்று, "தன் வேலையையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயின் பக்கத்திலேயே இருந்துவிடத் தீர்மானித்த இந்த மகளுக்குப் பெலன் தாரும்" என்று உனக்காக ஜெபித்தார்கள். பாதிப் பேர் அழுதார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு புதனும் உன்னை வைத்து ஜெபிக்கிறார்கள்.

சொன்னது தப்பு. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகிப் பழகி, ஒரு நாள் மொத்தமாகச் சொல்லிவிட்டேன். உனக்கு எழுத வேண்டியதை அவர்களிடம் சொன்னேன்.

ஆனால் ஜூனைப் பற்றி நீ எழுதியது எனக்கு விளங்கவில்லை. நீதான் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாயே? பிப்ரவரி கடைசியில் உன் அண்ணன் போனில் சொன்னார். அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நீ அழுகிறாய், நீயே சொல்லும்வரை நானாகக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். அதனால்தான் போன கடிதத்திலும் சுற்றி வளைத்து வேறு கேள்வி கேட்டேன். நீ இருந்துவிடப் போகிறாய் என்ற தைரியத்தில்தான் நீட்டிப்புக்கு எழுதினேன். நேரில் வந்து உன் கையைப் பிடித்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

உன் அண்ணி

ஏப்ரல் 27

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். பால் பொங்கி வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. என் இடம் அங்கே அப்படியே இருக்கிறது. ஜூலை முதல் தேதி வேலையில் சேருகிறேன் என்று போன மாதம்தான் பதில் போட்டேன்.

அண்ணன் வரும்வரை காத்திருந்தேன். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"நான் வேலையை விட்டுட்டேன்னு அண்ணிகிட்ட சொன்னியா?"

"விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"நெனச்சியா, சொன்னியா?"

"நீ எப்படியும் போக மாட்டே. அம்மாவை விட்டுட்டுப் போக உனக்கு மனசு வராது."

"என்கிட்ட தேதி கேக்காதேன்னே. அவங்ககிட்ட வேலையப் பத்திக் கேக்காதேன்னே. நடுவுல நீ மட்டும் எல்லாம் தெரிஞ்சவனா உக்காந்திருக்கே."

"ரெண்டு பேருக்கும் நல்லதாத்தான் போயிட்டிருந்துச்சு. அவளுக்குப் படிப்பு. உனக்கும் அம்மாகூட..."

"உனக்கு?"

ஷூவைக் கழற்றி மூலையில் வைத்தார். பிறகு, "எனக்கு அம்மாவைத் தொடவே பயமா இருக்கு பாப்பா. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று இன்னும் கோபம் வந்தது. உள்ளே அம்மாவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

உங்கள் ஜெபத்தைப் பற்றி. அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபமில்லை. முகம் தெரியாத எனக்காக அழுதார்கள் என்றால் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆராய்ச்சியில் சேர்த்திருந்தாலாவது நான் யார் என்பதை மறைத்து, என்னிடம் ஒரு சம்மதம் வாங்கியிருப்பீர்கள். ஜெபத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டிவிட்டீர்கள். அதோடு, நான் எடுக்காத ஒரு முடிவுக்காகக் கடவுளுக்குப் புதன்தோறும் என் பேரில் வேண்டுதல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. தியாகி ஆக்கிவிட்டீர்கள். தியாகிகள் ஊருக்குக் கிளம்ப முடியாது, தெரியுமா?

அண்ணன் சொன்னது பொய். அதை நீங்கள் ஏன் நம்பினீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. என்னைப் பன்னிரண்டு வயதிலிருந்து பார்க்கிறீர்கள். அந்த வேலைக்கு நான் எப்படிப் படித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நான் அதை எழுதிக் கொடுப்பேனா? எனக்கு ஒரு வரி, "நிஜமாகவா பாப்பா?" என்று எழுதிப்போட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாயை மூடு என்று பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கேள்வி கேட்டுத்தான் நீங்கள் பட்டமே வாங்கப் போகிறீர்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். நான் வேலையை விட்டுவிட்டேன் என்று அண்ணன் சொன்னபோது, உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

மே 5

பாப்பாவுக்கு,

நிம்மதியாக இருந்தது.

போனை வைத்துவிட்டு விடுதி மொட்டைமாடிக்குப் போனேன். பெரிய சுமை இறங்கியதுபோல இருந்தது. இங்கே காலையில் எழுந்தால் என்னிடம் யாரும் பாத்திரம் கேட்பதில்லை, மருந்து கேட்பதில்லை. நான் படித்ததை நான் பேசினால் எழுதிக்கொள்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம் இது எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். நிஜமா என்று உன்னைக் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுவாய் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. பயிற்சி, பாடம் என்பதெல்லாம் சாக்கு.

உன் அண்ணனிடம் நான் பேசிவிட்டேன். பேச்சு நன்றாக இல்லை.

நீட்டிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடிதம் கொடுத்துவிடுகிறேன். கைடு அம்மா அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார்கள். இப்போது விட்டுவிட்டு வந்தால் மறுபடி இந்தப் படிப்பு கூடுமா என்று சொல்ல முடியாது. பரவாயில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். நீ ஒரு வார்த்தை எழுது, ஜூன் கடைசிக்குள் வந்து அம்மாவைப் பொறுப்பெடுத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில் நான் சொன்னது சரியில்லை என்று சொல்லிவிட்டேன். விடுதிக் காப்பாளர், "அப்போ அந்தப் பொண்ணு என்ன கேக்கணும்னு ஆசப்படுது?" என்றார்கள். எனக்குத் தெரியவில்லை.

அண்ணி

ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதமாக உங்களுக்கு வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. நீங்களும் கிளம்பி வரவில்லை. அதற்கு நன்றி.

வேலையில் சேர்ந்துவிட்டேன். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு. என் மேசையில் யாரோ ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள், நகர்த்திவிட்டு என் குடுவைகளை அடுக்கிக்கொண்டேன். இங்கே நான் சந்தேகப்பட்டால் சம்பளம் தருகிறார்கள்.

மே முழுக்க அண்ணனைப் பழக்கினேன். முதல் நாள் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார், சூடு பட்டதுபோல. இரண்டாவது வாரம் வியர்த்து வழிந்துகொண்டு தனியாகத் திருப்பினார். அம்மா, "மெதுவாடா" என்றாள். அத்தனை மாதத்தில் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பகலுக்கு ஒரு ஆயாவை அமர்த்தியிருக்கிறார். காலையும் மாலையும் அண்ணன்தான். நேற்று போன் செய்து, அம்மா தன்னை நாள் முழுக்கத் திட்டுகிறாள் என்று அழாத குறையாகச் சொன்னார். திட்டுகிற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

உங்களுக்கும் போன் செய்வார். வந்துவிடு என்பார். வராதீர்கள். நீங்கள் வந்த நிமிஷம் அவர் கையை எடுத்துவிடுவார்.

நான் வேலையை விட்டுவிட்டேன் என்று நீங்கள் நிம்மதி அடைந்தது எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது. உண்மையை எழுதினீர்கள் என்பது தெரியும், அதற்காக வலி குறையவில்லை. ஆகவே கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடிதம் போடாதீர்கள். என் மனது சமாதானமானால் நானே எழுதுவேன். எப்போது என்று எனக்கே தெரியாது.

நீங்கள் படித்து முடிக்க வேண்டும் அண்ணி. இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில், என்னைப்போல் இருக்கிறவர்களிடம் யாராவது வந்து உட்கார்ந்து கேட்டால் தேவலை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அவர்களிடம் போங்கள். கேளுங்கள். வேலைக்குப் போக ஆசையா என்றும் கேளுங்கள்.

பாப்பா